குரத்தியார் வேண்டாம் என்ற சுண்ணாம்பு

முதலில் தப்புச் செய்தவர் கமலசிரிக் குரத்தியார்தான். கேட்க வந்திருப்பவர்களே, இதைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்புக்கார அந்துவன் செத்த இடத்திலிருந்து எழுந்துவந்து, "ஆரம்பத்திலேர்ந்து சொல்லுடா" என்று அதட்டுவார்.

அரசர்கள் யானைமேல் ஊர் ஊராக வந்து வழக்குக் கேட்ட காலம் அது. கடலோரத்தில் கழியூர் என்று ஓர் ஊர். ஊரை ஒட்டி உப்பங்கழி. கழியின் இந்தக் கரையில் ஒரு பாறைக் குன்று. குன்றின்மேல் சமணப் பள்ளி. அங்கே பாறையில் செதுக்கிய சமணக் கடவுள் அருகர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் பெண் துறவியைக் குரத்தியார் என்பார்கள். கமலசிரிக் குரத்தியார் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். மயிற்பீலியால் படியைக் கூட்டிக் கூட்டித்தான் கால் வைப்பார்.

குன்றின் அடியில் அந்துவனின் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. அவர் அப்பா கட்டியது. கடற்காற்று நேராக வந்து மோதுகிற இடம். ஊதுவதற்கு ஆள் வேண்டாம், நெருப்பு தானே கொழுந்துவிடும். கழியில் வாரிய கிளிஞ்சலை அதில் போட்டுச் சுட்டால் மல்லிகைப்பூப் போலச் சுண்ணாம்பு வரும். சிவன் கோயில் மதிலுக்கு அதுதான். பிடாரி கோயில் திண்டுக்கு அதுதான். கல்யாண வீட்டு வெற்றிலைக்கும் அதுதான்.

கிளிஞ்சலில் பாதி உயிரோடு இருக்கும். அது நெருப்பில் வெடிக்கிற சத்தம் குன்றுவரை கேட்கும். குரத்தியாரால் அதைத் தாங்க முடியவில்லை. அரசருக்குச் சொல்லி அனுப்பினார். அரசர் ஆணை வந்தது. காளவாயை இடித்துக் கழிக்கு அக்கரையில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அக்கரையில் காற்றே இல்லை.

அந்துவனுக்கு இடம் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. குன்றில் இருந்து இறங்கி வந்து அந்த அம்மாள் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் வலித்தது. அன்றிலிருந்து குன்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அடிவாரத்தில் நின்று சத்தம் போடுவார்.

"அம்மா! பக்கத்திலேயே இருந்தவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நேரா அரசர்கிட்ட போனீங்களே, நான் என்ன புலியா, கரடியா?"

குரத்தியார் படியைக் கூட்டிக்கொண்டே இருப்பார். ஊரே இதைக் கேட்டுச் சிரிக்கும்.

இப்படி இருக்கையில் பிடாரி கோயில் திருவிழா வந்தது. கிடா வெட்டினார்கள், பறை அடித்தார்கள், கள் குடித்தார்கள். மறுநாள் விடிந்தபோது குன்றின்மேலிருந்து அழுகைச் சத்தம். யாரோ ஒரு சட்டி நிறைய ஆட்டு ரத்தத்தை அருகர் தலையில் ஊற்றியிருந்தார்கள். துறவிகள் படுக்கும் கற்படுக்கையிலும் ரத்தம், வெள்ளையடித்த சுவரிலும் ரத்தம். சட்டி அங்கேயே கவிழ்ந்து கிடந்தது. புழுவைக்கூட மிதிக்காதவர்களின் சாமிக்கு ரத்த முழுக்கு.

ஊரில் மூன்று விதமாகப் பேசினார்கள். சிலர், "சாம்பலும் பூசாத சாமிதானே, நமக்கென்ன" என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். சிலர், "அடடா, அநியாயம், அநியாயம்" என்று வாயில் அடித்துக்கொண்டு, பிறகு சாப்பிடப் போனார்கள். சிலர் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் நேரே அந்துவன் வீட்டுக்கு வந்தார்கள், கையில் எருக்கமாலையோடு.

"பெரியப்பா! பலே வேலை! வெளியே வாங்க!"

அந்துவன் வெளியே வந்தார். கழுத்தில் மாலை விழுந்தது. விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மாலையைப் பிய்த்து எறிந்தார்.

"அட நாய்களா! நானாடா? அந்தம்மாளோட எனக்குச் சண்டை. அவங்க சாமி எனக்கு என்னடா பண்ணிச்சு? அது கண்ணைத் திறந்துகூடப் பார்க்கலையேடா!"

"எங்ககிட்டயே மறைக்கிறீங்களே" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்கள்.

நாட்டு அதிகாரி குதிரையில் வந்தார். ஊரைக் கேட்டார். ஊர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு அந்துவனைக் காட்டியது. வேறு யாருக்குப் பகை? தினம் அடிவாரத்தில் நின்று கத்துகிறவர் வேறு யார்?

"நிறைமதி நாளில் அரசர் வருகிறார்" என்றார் அதிகாரி. "கோயிலைக் கெடுத்தவனுக்குக் கை போகும். அதற்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் உன் கைதான்."

அந்துவன் தன் கைகளைப் பார்த்தார். சுண்ணாம்பு தின்று வெடித்த கைகள். அவை இல்லாவிட்டால் அவர் யார்?

அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. 'என் கையாலேயே போய் அந்தச் சுவரை வெள்ளையாக்கிவிடுகிறேன். கெடுத்தவன் துலக்குவானா? ஊர் வாய் தானே மூடும்.' இருந்ததில் நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பாக ஒரு கூடை எடுத்தார். குன்று ஏறினார். அவர் ஏறுவதைப் பார்த்து, அநியாயம் என்று சொன்னவர்களுக்கும் ரோஷம் வந்தது. அடிவாரத்துக் குளத்தில் குடம் குடமாக மொண்டுகொண்டு அவர்களும் ஏறினார்கள். வேடிக்கை பார்க்க அதிகாரியும் வந்தார்.

முதல் குடத்தைச் சாய்க்கப் போனார்கள். குரத்தியார் ஓடிவந்து குடத்துக்கு முன்னால் விழுந்தார்.

"ஊற்றாதீர்கள்! உங்களைக் கும்பிடுகிறேன், ஊற்றாதீர்கள்!"

குடத்துக்குள் தலைப்பிரட்டை நெளிந்தது. வெயிலில் கொதிக்கும் பாறையில் ஊற்றினால் எல்லாம் துடித்துச் சாகும். ரத்தத்தைக் கழுவ இன்னும் பல சாவு. நல்லது செய்ய வந்தவர்கள் குடத்தோடு விழித்தார்கள்.

குரத்தியார் அந்துவன் கூடையைப் பார்த்தார்.

"இது எதைச் சுட்டது, பெரியவரே?"

"கிளிஞ்சல்."

"உயிரோடு இருந்ததா?"

அந்துவன் கூடையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார் குரத்தியார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அதிகாரி முன்னால் வந்தார். "பார்த்தீர்களா, இவர்களே இவனை ஏற்கவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?"

குரத்தியார் நிமிர்ந்தார். "சுண்ணாம்பைத்தான் வேண்டாம் என்றேன். மனிதரை வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னை வைய வேண்டுமானால் இவர் என் முகத்துக்கு நேரே நின்று வைவார். அப்படிப்பட்டவர் யாரும் இல்லாத நேரத்தில் சட்டியோடு வரமாட்டார். இதை அரசரிடமும் சொல்லுங்கள்."

"சொல்கிறேன்" என்றார் அதிகாரி. "ஆனால் தீர்ப்பு அரசருடையது."

அந்துவன் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தார். கூடையைத் தொப்பென்று கீழே வைத்தார். அவருக்குக் கோபமும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பகையாளி வாயிலிருந்து அப்படி ஒரு நல்ல சொல் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"வேண்டாமாம்டி! என் சுண்ணாம்பு வேண்டாமாம்! சிவனுக்கே ஆகுது!"

அவர் மனைவி சேந்தி முறத்தைப் புடைத்தபடியே சொன்னாள். "வீட்டுக்கு வந்த விருந்தாளி மீன் சாப்பிடாதவர்னா, எனக்குப் பிடிக்கும்னு அவர் இலையில கருவாட்டுக் குழம்பை ஊத்துவீங்களா?"

"ஊத்த மாட்டேன்."

"ஊத்திட்டுத்தான் வந்திருக்கீங்க."

அந்துவன் கூடையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து, "உன் பழைய சேலை ஒண்ணு கொடு" என்றார்.

சேலையை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டினார். குளத்துத் தண்ணீரை அதன் வழியே விட்டார். சேலையில் தங்கியதை அப்படியே கொண்டுபோய்க் குளத்திலேயே அலசினார். துள்ளிக்கொண்டு போயின குஞ்சுகள். வடிந்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு குன்று ஏறினார். குரத்தியார் குடத்துக்குள் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

முதலில் அந்துவன் ஒருவர்தான். பிறகு சேந்தி வந்தாள். பிறகு குடத்தோடு விழித்தவர்கள் வந்தார்கள். மாலை போட்டவர்களில் ஏறன் என்று ஒருவன் இருந்தான், பிடாரி கோயிலில் கிடா பிடிக்கிறவன். அவனும் வந்து, யாரோடும் பேசாமல், சேலையைக் குளத்துக்குக் கொண்டுபோய் அலசுகிற வேலையை எடுத்துக்கொண்டான். அருகர் தலையிலிருந்து ரத்தம் போனது. கற்படுக்கையிலிருந்து போனது. சுவரில் மட்டும் கறை நின்றது.

சுவருக்கு என்ன செய்வது? கல்லைச் சுட்டும் சுண்ணாம்பு எடுக்கலாம். ஆனால் கல் லேசில் வேகாது. காற்று இல்லாத அக்கரைக் காளவாயில் சொல்லவே வேண்டாம். அந்துவன் ஓடையில் சுண்ணாம்புக்கல் பொறுக்கினார். விறகை ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே இருந்த வண்டையும் எறும்பையும் வெளியேற்றினார். முதல் தடவை சுட்டார், கல் கல்லாகவே இருந்தது. இரண்டாம் தடவை சுட்டார், பாதி வெந்தது. மூன்றாம் தடவை ஏறனும் மற்றவர்களும் துருத்தி போட்டு ஊதினார்கள். தண்ணீர் தெளித்ததும் கல் பொங்கிப் பொடிந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு அளவுக்கு வெண்மை இல்லை. சற்று மங்கல்தான்.

குரத்தியார் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"வேண்டும்" என்றார்.

பேர் வாங்கிய சிற்பிகூட அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டான். அந்துவன் அந்தச் சுவரை மூன்று பூச்சுப் பூசினார்.

நிறைமதி நாள் வந்தது. அரசர் வந்தார். குன்றின் அடியில் ஊர் கூடியது. அன்று குரத்தியாருக்கு மௌன விரதம். வாய் திறக்கமாட்டார். அவர் முன்பு சொன்ன சாட்சியை அதிகாரி எடுத்துச் சொன்னார்.

"அப்படியானால் யார்?" என்று அரசர் கேட்டார். யாரும் பேசவில்லை.

இரண்டாம் முறை கேட்டார். யாரும் பேசவில்லை. காவலர்கள் அந்துவன் கையைப் பிடித்தார்கள்.

மூன்றாம் முறை கேட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏறன் வந்து விழுந்தான்.

"அது என் சட்டிங்க. கள்ளு ஏறிப்போச்சு. பெரியப்பா தினம் இங்க நின்னு வயிறெரியக் கத்துவாரே, இதைப் பார்த்தா சந்தோஷப்படுவாருன்னு ஊத்திட்டேன். கேட்டப்ப பயந்துட்டேன். பெரியப்பா கையைப் பிடிச்சதும் தாங்கலைங்க."

அந்துவனுக்கு நெஞ்சில் தைத்தது. தன்னைச் சந்தோஷப்படுத்தவா? தான் கத்திய கத்தல்தான் சட்டியில் நிரம்பியதா?

"கையை வெட்டு" என்றார் அரசர்.

"பொறுங்க, அரசே!" என்றார் அந்துவன். "இவன் பண்ணினது மகா பாவம். ஆனா என் சத்தத்தைக் கேட்டுத்தான் இந்த முட்டாள் குன்று ஏறியிருக்கான். வெட்டணும்னா இவன் கையில பாதி, என் நாக்குல பாதி வெட்டணும். அப்புறம் இந்தப் பள்ளிக்குத் தண்ணி வடிகட்ட யார் இருக்கா? சேலையைப் பிடிக்க ரெண்டு கை வேணும்."

அரசர் சிரித்துவிட்டார். "கெட்டுப்போனது குரத்தியாரின் இடம். அவரே சொல்லட்டும்" என்று குரத்தியாரைப் பார்த்தார்.

குரத்தியார் எழுந்து போனார். குளத்தங்கரையில் காய்ந்துகொண்டிருந்த சேலையை எடுத்துவந்து ஏறன் கைகளில் வைத்தார். அந்தக் கைகளை வெட்டாமல் அரசர் விட்டுவிட்டார். ஏறன் உயிரோடு இருந்தவரை பள்ளிக்குத் தண்ணீர் வடிகட்டினான்.

மறுநாள் விரதம் முடிந்ததும் அந்துவன் அடிவாரத்துக்குப் போனார். இந்தத் தடவை கத்தவில்லை. கைகூப்பினார்.

"அம்மா, இந்தக் கை என்னோட இருக்குன்னா உங்க சொல்லாலதான். சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்."

குரத்தியார் படியிறங்கி வந்து அவரும் கைகூப்பினார். "பெரியவரே, எங்கள் அருகர் மேலிருந்த ரத்தத்தை எங்கள் முறைப்படி துடைத்தவர் நீங்கள். இந்தப் பள்ளி உள்ளவரை அந்த நன்றி இருக்கும்."

அந்துவன் கூப்பிய கையை இறக்கினார். "நன்றி இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தை?"

"எந்த வார்த்தை?"

"காளவாயைத் தூக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டிருக்கணும்கிற வார்த்தை."

குரத்தியார் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நெருப்பில் போடும்முன் கிளிஞ்சலிடம் நீங்கள் கேட்டீர்களா?"

அந்துவன் தலையைச் சொறிந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"அது சரிதாம்மா. ஆனா கிளிஞ்சலுக்கு வாய் இல்லை. எனக்கு இருந்துச்சே."

குரத்தியார் மயிற்பீலியை எடுத்துப் படியைக் கூட்டத் தொடங்கினார்.

அந்துவன் ஆண்டுதோறும் கல் சுட்டுப் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தார். மனம் நிறைந்து கும்பிட்டுவிட்டு இறங்குவார். அந்த வார்த்தை மட்டும் அவருக்கு வரவே இல்லை. இன்றுவரை அது பாக்கிதான்.

ஆகவே கேட்டவர்களே, ஒருவரோடு நமக்கு என்ன மனத்தாங்கல் இருந்தாலும், அவர் கும்பிடும் இடம் கெட்டுப்போனால் அவர் முறைப்படியே அதைத் துலக்கிக் கொடுக்க வேண்டும்.