முப்பது முழம்

"சும்மா ஒருத்தன் கொடுப்பானுங்களாம்மா?"

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் கந்தப்பன் கேட்டுவிட்டார். கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார் செய்கிற முதலாளி. அறுபது வயதுவரை யாரையும் நம்பாமலே பிழைத்தவர். மலையடிவாரத்தில் மடம் வைத்திருக்கும் வஞ்சியம்மாவிடம் மட்டும் மனதைத் திறப்பார். அந்தம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"யாருங்க, என்ன கொடுத்தாங்க?"

"மயில்சாமிங்க. தொழில்ல எனக்கு முதல் எதிரி. செல்போன்லயே மோட்டாரைப் போடற பெட்டி செய்யறோமில்லீங்களா, என் பெட்டி என் மோட்டாரோடதான் பேசும், அவன் பெட்டி அவன் மோட்டாரோட. எல்லாத்துக்கும் பொதுவா ஒரே முறை வெச்சுக்கலாம்னு கமிட்டி போட்டிருக்காங்க. அதுக்கு மூணு இன்ஜினியரையும் சோதனைக்கூடத்தையும் இனாமாத் தர்றானுங்க அவன்."

"நல்லதுதானுங்களே."

"என்னத்த நல்லது! புது வருசக் காலண்டரைக்கூட ஆள் பார்த்துக் கொடுக்கறவனுங்க."

"உங்ககிட்ட என்ன கேக்கறாங்க?"

"எங்க ருக்மணியை, ஒரு வருசத்துக்கு. எங்க பெட்டியோட நெளிவு சுளிவு அந்தப் புள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அனுப்பினா என் புது மாடல் படுத்துரும். இருநூறு பேர் வேலை பார்க்கறாங்க. நாளைக்கு முதல் கூட்டமுங்க. இதுல என்ன சூழ்ச்சி இருக்குதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

அம்மா எழுந்து, மூலையில் கிடந்த புதுக் கயிற்றுச் சுருளை அவர் கையில் வைத்தார்.

"கிணத்துக் கயிறு நைஞ்சு போச்சு. ஒண்ணு அறுத்துக் கொடுங்க."

"எத்தனை முழமுங்க?"

"கிணத்துக் கல்லுலயே இருக்குது."

போய்ப் பார்த்தார். முப்பது முழம் என்று கொத்தியிருந்தது. முழங்கையிலிருந்து நடுவிரல் வரை வைத்து, வாய்விட்டு எண்ணி அளந்தார். தன்மேலேயே சந்தேகம் வந்து மறுபடி அளந்தார். அறுத்து, வாளியைக் கட்டி இறக்கினார்.

வாளி தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"தண்ணி இறங்கிப் போச்சுங்களா?"

"பழைய கயிறு இன்னும் எட்டுதுங்களே."

"அப்ப கொத்தினவன் ஏமாத்திட்டானுங்க."

"இல்லீங்க. முப்பது முழம்தான்."

"யார் கையில?"

"கிணறு வெட்டின அன்னைக்கு இங்க கூடி நின்னவங்க கையில. அப்புறமா கயிறு கொண்டு வர்றவங்க எல்லாரும் அதுக்குத்தான் ஒத்துப் போகோணும்."

"அன்னைக்கு நான் இங்க இல்லீங்களே!"

"இல்லீங்க."

கந்தப்பன் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவசர அவசரமாகச் செல்போனை எடுத்தார்.

"ருக்மணி, நாளைக்கு நீ போறே. நம்ம வரைபடம் அத்தனையும் எடுத்துக்க. முதல் வரிசையில உக்காரு. மயில்சாமி ஆளுங்க பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி நீ எடுத்திரோணும்."

கிளம்பும்போது, தென்னைகளுக்கு நடுவே கட்டியிருந்த துணிக்கொடி கண்ணில் பட்டது. அதுவும் புதுக் கயிறு.

"இது யார் அறுத்ததுங்க?"

"மயில்சாமிங்க. போன மாசம் வந்திருந்தார். நீங்க கமிட்டிக்குள்ள புகுந்து எல்லாத்தையும் வளைச்சுக்குவீங்கன்னு அவருக்குச் சோறு இறங்கலையாம். அவர் கயிறும் எட்டலை."

கந்தப்பன், காய்ந்துகொண்டிருந்த வேட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கொடியை ஒரு முனையிலிருந்து தன் கையால் அளந்துகொண்டே போனார்.

"பார்த்தீங்களா, இருபத்தெட்டரைதானுங்க இருக்குது!"

"அவர் கையில முப்பதுங்க."