பூசணிக்காயைப் பார்த்துப் பயந்த ராஜா

முள்மலைக் காட்டுக் குளத்தின் நடுவில் காட்டெருமை ராஜா உட்கார்ந்திருந்தார். கோடை தொடங்கியதும் இறங்கியவர்தான். பங்குனி போய்ச் சித்திரையும் வந்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை. கொம்பை ஆட்டி மற்ற விலங்குகளை விரட்டினார். அவை கரையோரச் சேற்றைத் தோண்டி, ஊறியதைக் குடித்தன. ராஜா என்றால் அப்படித்தான் என்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அதே காட்டில் வேலாயி என்ற முள்ளம்பன்றி இருந்தாள். இலைகளைப் பல்லால் உருவங்களாக நறுக்கித் தன் முட்களில் குத்திக்கொள்வாள். மாலை வெயிலில் வெள்ளைப் பாறைக்கு முன்னால் நின்று முதுகைக் குலுக்குவாள். பாறைமேல் நிழல்கள் ஓடும், குதிக்கும், சண்டை போடும். குட்டிகள் வாயைப் பிளந்து பார்க்கும். கூட்டிவந்த அப்பா அம்மாக்கள் பின்வரிசையில் ஒரு தூக்கம் போட்டுவிடுவார்கள்.

ஒருநாள் புதுப்படம் காட்டினாள். ஒரு பூசணிக்காய் உருண்டு வந்து ஓடையை அடைத்துக்கொள்கிறது. தாகத்தில் தவித்த எறும்புகள் ஒன்றுகூடி, "ஏலேலோ!" என்று அதைத் தள்ளிவிடுகின்றன. அவ்வளவுதான் கதை. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

ஓணான் மந்திரி மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே குளத்துக்கு ஓடினார்.

"மகாராஜா! குழந்தைகள் படத்தில் அரசியல் புகுந்துவிட்டது!"

"எங்கே?"

"பூசணிக்காயில்! அது தாங்கள்தான்!"

ராஜா தண்ணீரில் தன் உருவத்தைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "கூப்பிடு அவளை!"

வேலாயி ஓடிவந்தாள். "சாமி, பூசணிக்காய் உருண்டால் குட்டிகளுக்குச் சிரிப்பு வரும். அதனால் வைத்தேன். வேறொன்றும் தெரியாது!"

"குழந்தைகளுக்கு வெறும் கற்பனை போதும், அரசியல் வேண்டாம்! பூசணிக்காயை மாற்று!"

மறுநாள் பூசணிக்காய் மேகமானது.

"கறுப்பு! குண்டு! நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை!" என்று ஓணான் ஓடினார். மேகத்துக்குத் தடை.

அடுத்த நாள் மேகம் கூழாங்கல்லானது. "தங்களை இளைக்கவைத்து ஏமாற்றப் பார்க்கிறாள்!" கூழாங்கல்லுக்கும் தடை.

அலுத்துப்போன வேலாயி, அதற்கடுத்த நாள் வெறும் பாறையைக் காட்டினாள்.

"அடப்பாவி! ராஜாவே இல்லாத காட்டைக் காட்டுகிறாள்!" என்று ஓணான் அலறினார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "யாரும் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. ஊரைக் கூட்டி விளக்கமாகச் சொல்லிவிடு!"

ஊர் கூடியது. ஓணான் பாறைமேல் ஏறினார்.

"எல்லாரும் கேளுங்கள்! பூசணிக்காய் நம் ராஜா அல்ல! அந்த ஓடை நம் குளம் அல்ல! தாகத்தில் தவித்த எறும்புகள் நீங்கள் அல்ல! எல்லாரும் சேர்ந்து போனால் ராஜா எழுந்துவிடுவார் என்று ஒருவரும் நினைக்கக் கூடாது!"

"நான் அப்படி நினைக்கவே இல்லையே!" என்றது கடமான்.

"நானும்தான்," என்றது உடும்பு. "ஆனால் இப்போது நினைக்கிறேன்!"

முயல் தன் குட்டியைப் பார்த்தது. சேற்றுத் தண்ணீரால் அதற்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. காதைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தது. "நான் போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள்!" என்று குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு முயல் நடந்தது. எல்லாம் பின்னால் கிளம்பின.

"ஐயோ, நான் படம்தானே காட்டினேன்!" என்று வேலாயியும் ஓடினாள்.

குளத்தில் ராஜா முக்காரமிட்டார். வழக்கமாக அந்தச் சத்தத்துக்கே காடு சிதறிவிடும். இன்று யார் முதலில் ஓடுவது என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, ஒன்றுகூட ஓடவில்லை. முயல் தண்ணீரில் கால் வைத்தது. பிறகு கடமான். பிறகு எல்லாம். இத்தனை பேரை ஒன்றாக ராஜா பார்த்ததே இல்லை.

"எனக்கும் கால் மரத்துப்போயிருந்தது," என்று முணுமுணுத்தபடி எழுந்து கரையேறினார்.

முயல்குட்டி தெளிந்த தண்ணீரை வயிறு முட்டக் குடித்தது.

கரையில் நின்ற ராஜா பல்லைக் கடித்தார். "ஊரைத் தூண்டிவிட்டது யார்?"

ஓணான் பவ்வியமாகத் தலையை ஆட்டினார். "அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், மகாராஜா!"

கதைக்குள் தன்னைத் தேடிக்கொண்டிருப்பவன், ஊர் கவனிக்காத தன் தவற்றைத் தானே ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறான்.