கொம்பனுக்குப் போட்ட முள்

கொன்றை மடுவைச் சுற்றியிருந்த காட்டுக்குக் கொம்பன் என்ற காட்டெருமைதான் தலைவன். ஒரு கோடைக் காலையில் அவன் இறந்துபோனான்.

கொம்பன் ஒரு சட்டம் போட்டிருந்தான். வெயில் சாயும் நேரத்தில், மடுவுக்குத் தண்ணீர் குடிக்க வருகிற யாரையும் யாரும் வேட்டையாடக்கூடாது. மீறினால் அவனுடைய கொம்பு பேசும். சிறுத்தைகூட அந்த நேரத்தில் நல்ல பிள்ளையாகப் பாறைமேல் படுத்திருக்கும். கோடையில் வேறெங்கும் சொட்டுத் தண்ணீர் கிடைக்காத காடு அது. மானும் முயலும் பிழைத்துக் கிடந்தது அந்தச் சட்டத்தால்தான்.

அங்கே செம்பகம் என்று ஒரு மிளா மான் இருந்தாள். பக்தி நிறைந்தவள். விடிந்ததும் சூரியனைக் கும்பிடுவாள். “சாமி, எல்லாரும் நல்லா இருக்கணும்” என்று ஆரம்பிப்பாள். பிறகு, யார் யார் ஒழுங்காக நடக்கவில்லை என்று விவரமாக எடுத்துச் சொல்வாள். சாமிக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே!

அவளுடைய மகள் அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். குட்டிக்குக் கால் இன்னும் நிலைகொள்ளவில்லை. சிறுத்தை வந்தால் ஓடத் தெரியாது.

தலைவன் இறந்தால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் கூடுவார்கள். நல்லவன் என்று நினைத்தால் கொன்றைப் பூ போடுவார்கள். கெட்டவன் என்று நினைத்தால் உடைமரத்து முள் போடுவார்கள். பூக்குவியல் உயர்ந்தால் அவன் பேரும் சட்டமும் நிலைக்கும். முட்குவியல் உயர்ந்தால் இரண்டும் அன்றோடு சரி.

முதலில் மயில் தோகையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தது.

“எங்கள் கொம்பன் சொக்கத் தங்கம்! கோபம் என்றால் என்னவென்றே அறியாதவர்! மனைவி நாச்சியைப் பூப்போல வைத்துக் காப்பாற்றியவர்!”

செம்பகத்துக்குக் காது இரண்டும் நட்டுக்கொண்டன. பூப்போலவா? இழவு வீட்டில் எதற்கு வம்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். “சாமி, என் வாயைக் கட்டு” என்று வேண்டினாள். சாமி கட்டுவதற்குள் வாய் திறந்துகொண்டது.

“ஏ மயிலே! நாச்சி மாசமா இருந்தப்ப, கொட்டுற மழையில வெளிய துரத்தினாரே, அது எந்தப் பூ? என் புதர்லதான் வந்து ஒண்டிக்கிட்டா! உப்புமண் கிடக்கிற இடத்தைப் பொண்டாட்டிக்குக்கூடக் காட்டாம, தனியாப் போய் நக்கிட்டு வருவாரே, அது எந்தத் தங்கம்?”

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோணவாயன் என்ற கழுதைப்புலிக்கு மட்டும் முகமெல்லாம் மலர்ந்தது.

“அடடா! சொல்லுங்க அக்கா, சொல்லுங்க! இந்தக் காட்டுல நியாயம் பேச உங்களை விட்டா யார் இருக்கா?”

அது போதாதா? செம்பகத்துக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்து விட்டாள். சொன்னது அத்தனையும் உண்மைதான். ஒரு முறை கொம்பன் எல்லார் எதிரிலும், “செம்பகம், வாயை மூடு” என்று அதட்டியதை மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டாள். தான் தர்மத்துக்காகப் பேசுவதாகவே அவளுக்கு நினைப்பு.

பேசி முடித்து, முதல் முள்ளைத் தானே கொண்டுபோய்ப் போட்டாள். முயல் ஒரு முள் போட்டது. பன்றி போட்டது. குவியல் மளமளவென்று ஏறியது.

சடங்கை நடத்தி வைத்த கிழட்டுக் குரங்கு சடையன் இரண்டு குவியலையும் பார்த்தான். “முள்ளுதான் உசரம். கொம்பன் பேரும் போச்சு, சட்டமும் போச்சு” என்றான்.

கோணவாயன் பாறையை அண்ணாந்து பார்த்துக் கூவினான். “சிறுத்தை அண்ணே! இறங்கி வாங்க! இனி நம்மளக் கேட்க ஆளில்லை!”

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சரிவிலிருந்து மகளின் குரல் கேட்டது.

“அம்மா, குட்டி தாகத்துல தவிக்கிறான். மடுவுல இறங்கட்டுமா?”

செம்பகம் பாறையைப் பார்த்தாள். சிறுத்தை எழுந்து நின்று சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. அதன் கண் குட்டிமேல்தான் இருந்தது.

“இறங்காதடி! அங்கேயே நில்லு!” என்று கத்தினாள். “ஐயோ சாமி! நான் அந்த ஆளைத்தானே பேசினேன்! என் பேரன் குடிக்கிற தண்ணியையா பேசினேன்?”

ஓடிப்போய், தான் போட்ட முள்ளை வாயால் பிடித்து இழுத்தாள். முள் உதட்டில் ஏறிக்கொண்டது.

“போட்ட முள்ளை எடுக்கக்கூடாது அக்கா!” என்று தடுத்தான் கோணவாயன். “ஏன், சொன்னதெல்லாம் பொய்யா?”

“பொய்யில்ல!”

“அப்போ கொம்பன் நல்லவரா?”

“நல்லவருன்னும் சொல்ல மாட்டேன்!”

“என்னதான் அக்கா சொல்ல வர்றீங்க?”

உதட்டில் முள் தொங்க, செம்பகம் திருதிருவென்று விழித்தாள். மந்திகள் கைகொட்டிச் சிரித்தன. இவ்வளவு நேரம் அருவியாகக் கொட்டிய வாய், குட்டியின் உயிருக்கு வேண்டிய ஒரு வார்த்தை கிடைக்காமல் மென்று விழுங்கியது. அவளுக்கே அவளைப் பார்த்துச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

அப்போது கொம்பனின் மனைவி நாச்சி எழுந்து வந்தாள்.

“செம்பகம் சொன்னது அத்தனையும் நிசம்” என்றாள். “மயிலு, நீ பாடினதுதான் பொய். இனிமே என் குடித்தனத்தைப் பத்திப் பாடாதே. செம்பகம், நீயும் என்னைக் கேக்காம அதைச் சபையில எடுத்து விரிக்காதே.”

“சரி நாச்சி” என்றாள் செம்பகம், முள்ளோடு.

“வீட்டுல அவரால நான் பட்டது கொஞ்சமில்ல. ஆனா அவர் துரத்திவிட்ட காலத்துலயும் இந்த மடுவுல பயமில்லாமத் தண்ணி குடிச்சேன். அதுவும் அவர் போட்ட சட்டத்தாலதான். முள்ளு இருக்கட்டும், யாரும் எடுக்க வேண்டாம். நானும் ஒண்ணு போடுறேன்.”

நாச்சி ஒரு முள்ளை எடுத்துக் குவியலில் வைத்தாள். பிறகு ஒரு கொன்றைக் கொத்தைக் கவ்விக்கொண்டு போய் மடுவின் கரையில் வைத்தாள்.

“இது சட்டத்துக்கு.”

“ரெண்டு இடத்துலயா? இப்படி ஒரு வழக்கமே கிடையாதே!” என்று குதித்தான் கோணவாயன். “அதோட, அவர் போன பிறகு சட்டத்தை யார் காப்பாத்துவாங்களாம்?”

“ஏன், கொம்பு அவருக்கு மட்டுந்தான் முளைச்சிருந்துச்சா?”

நாச்சி தலையைத் தாழ்த்தினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண் காட்டெருமைகள் எல்லாம் தலையைத் தாழ்த்தின. சிறுத்தை அந்தக் கொம்புகளை ஒரு பார்வை பார்த்தது. காலில் ஏதோ கடித்ததுபோலச் சொறிந்துகொண்டு, பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டது. கோணவாயனைத் தேடினால், ஆளையே காணோம்.

செம்பகம் உதட்டு முள்ளைக் குவியலிலேயே உதறிவிட்டு, கொன்றை மரத்தடிக்கு ஓடினாள். புண்பட்ட உதட்டாலேயே பூவை அள்ளிக்கொண்டு வந்து கரையில் போட்டாள். முயலும் பன்றியும் போட்டன. கரையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. குட்டி தள்ளாடித் தள்ளாடி இறங்கி, பூக்களை மூக்கால் ஒதுக்கிவிட்டு வயிறு முட்டக் குடித்தது.

“அம்மா, உதடு என்ன இப்படி வீங்கிப்போச்சு?” என்று மகள் கேட்டாள்.

செம்பகம் குட்டியின் முதுகைத் தாடையால் தடவிக்கொண்டு நின்றாள்.

மறைந்த தலைவர் செய்த தவற்றைப் புகழால் மூடவும் கூடாது. அந்தத் தவற்றைச் சொல்லி, அவர் ஊருக்குச் செய்த நன்மையைத் தூக்கி எறியவும் கூடாது.