கத்தரிச் செடிக்கு வந்த விருந்தாளிகள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், கனகவர்மர் என்று ஓர் அரசர் இருந்தார். கத்தரிக்காய் என்றால் அவருக்கு உயிர். அரண்மனைக் கொல்லையில் தம் கையாலேயே நாற்பது கத்தரிச் செடிகளை நட்டிருந்தார். அதாவது, அவர் ஒன்றை நட்டார். மிச்சத்தைத் தோட்டக்காரி காத்தாயி நட்டாள். அரசர்கள் நடுவது அப்படித்தான்.

ஒருநாள் யாரோ ஒரு சாமியாரின் உபதேசத்தைக் கேட்டு அரசருக்குக் கருணை பொங்கிவிட்டது. "நம் தோட்டத்தில் எவ்வுயிரையும் கொல்லலாகாது. அங்கே உண்ண வருபவை யாவும் நம் விருந்தினர். மீறினால் நாடு கடத்துவோம்!" என்று முரசறையச் செய்தார். தலைமை அமைச்சர் திருமேனிநாதர், "ஆகா, என்ன கருணை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஈரம் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

முரசுச் சத்தம் வண்டுகளுக்கும் கேட்டதோ என்னவோ, பத்தே நாளில் புள்ளி வண்டுகள் கூட்டமாக வந்து இறங்கின. பச்சையைச் சுரண்டித் தின்று ஒரே வாரத்தில் இலைகளைச் சல்லடையாக்கிவிட்டன. அரசர் கொதித்துப்போய்க் காத்தாயியைச் சபைக்கு வரவழைத்தார்.

"ராசா, வண்ட நசுக்குனா நாடு கடத்துவேன்னுட்டீங்க. நசுக்காட்டி செடி போவுது. நான் என்னதான் செய்யட்டும்?" என்று அவள் அழுதாள். இந்தக் கொல்லையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"கடமை தவறியவள், அரசே. எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவோம்" என்றார் திருமேனிநாதர்.

அரண்மனை விகடகவி மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றான். "அரசே, ஐந்து நாள் கொடுங்கள். வண்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அரசர் தன்னோடு சிரிப்பதைவிட மாசிலாமணியோடு அதிகம் சிரிக்கிறார் என்று அமைச்சருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல். இப்போது வாய்ப்பு வந்தது. "நன்று. ஆனால் ஒரு வண்டும் சாகக் கூடாது, பட்டினி கிடக்கக் கூடாது. விருந்தினருக்குச் செய்யும் மரியாதையில் குறை வரக் கூடாது. தவறினால் இருவரும் எல்லை தாண்ட வேண்டும்" என்றார். அரசரும் தலையாட்டிவிட்டார்.

மாசிலாமணி பணிவாகக் கேட்டான்: "அரண்மனை விருந்தினரை மூன்று நாளுக்குப் பிறகு எங்கே தங்கவைப்பது வழக்கம், அமைச்சரே?"

"இதுகூடத் தெரியாதா? மேளதாளத்தோடு தலைமை அமைச்சரின் இல்லத்தில். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்கு உள்ள உரிமை அது!" என்று அவர் மீசையை முறுக்கினார்.

மறுநாள் விடியலில் மாசிலாமணியும் காத்தாயியும் செடிகளின் அடியில் வேட்டியை விரித்தார்கள். அந்நேரத்தில் வண்டுகளுக்குச் சோம்பல், பறக்காது. செடியை உலுக்கியதும் பொலபொலவென்று உதிர்ந்தன. தழை போட்ட பானையில் அவற்றை இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிப் பல்லக்கில் ஏற்றினார்கள். நாதஸ்வரம் முன்னே போக, பல்லக்கு அமைச்சர் வீட்டு வாசலில் போய் நின்றது. ஏதோ வெளிநாட்டு இளவரசர் என்று நினைத்து அமைச்சரின் மனைவி ஆரத்தியே எடுத்துவிட்டாள்! பானை வீட்டுக் கொல்லையில் திறக்கப்பட்டது. அங்கே அமைச்சர் ஆசை ஆசையாக வளர்த்த கத்தரிச் செடிகள் இருநூறு இருந்தன.

தினம் ஒரு பானை போயிற்று. ஐந்தாம் நாள் அரண்மனைச் செடிகள் புதுத் துளிர் விட்டன. அமைச்சரோ தலைப்பாகை கட்டக்கூட மறந்து சபைக்கு ஓடி வந்தார்.

"அரசே! அந்தப் பாழாய்ப்போன வண்டுகளைக் கொல்ல உத்தரவு தாருங்கள்!"

"விருந்தினரையா?" என்றார் அரசர்.

"என் கொல்லையில் ஓர் இலைகூட உருப்படியாக இல்லை, அரசே! வீட்டுக்காரி எனக்கும் சோறு போடுவதில்லை!"

அரசர் தம் உத்தரவு எவ்வளவு மடத்தனமானது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டார். அரசர் அல்லவா, அதைச் சொல்லவில்லை. "ஆணை முதிர்ச்சி அடைந்துவிட்டது" என்று அதை விலக்கிக்கொண்டார். "வண்டை ஒழிக்க வழி தெரிந்தவர் யார்?"

"காத்தாயிதான், அரசே. ஆனால் அமைச்சர் பேச்சுப்படி அவள் எல்லை தாண்ட வேண்டியவள் ஆயிற்றே" என்றான் மாசிலாமணி.

"அவள் எங்கும் போக வேண்டாம்! இன்று முதல் அரண்மனைக் கொல்லை முழுக்க அவள் பொறுப்பு" என்றார் அரசர்.

அமைச்சர் காத்தாயியிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அம்மா, எனக்கும் கொஞ்சம் வழி சொல்லேன்."

"விடிகாலையில செடிய உலுக்கணும், சாமி. ஈரம் காயுறதுக்குள்ள சாம்பல் தூவணும். இலைக்கு அடியில மஞ்ச மஞ்சளா முட்டை இருக்கும், அத நசுக்கணும். ஒவ்வொரு செடிக்கும் குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். இருநூறு செடி, நீங்களும் கூடக் குனிஞ்சா சீக்கிரம் முடியும்."

மறுநாள் காலை அரசர் வேலை மெனக்கெட்டு மாசிலாமணியையும் கூட்டிக்கொண்டு அமைச்சர் வீட்டுக் கொல்லைக்குப் போனார். அரசர் முன்னால் தவிர வேறு யார் முன்னும் குனியாத திருமேனிநாதர் கத்தரிச் செடி ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து எழுவதைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்காமலேயே கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டுவிட்டு, "இன்னும் எத்தனை செடி பாக்கி?" என்று கேட்டார்.

"நூற்று எழுபது, அரசே" என்றான் மாசிலாமணி. அரசர் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.