ராட்டினத்தின் ஒன்பது அங்குலம்

கடலோர நகரம் ஒன்றில் ஒரு மாநகராட்சிப் பூங்கா இருந்தது. பூங்காவில் ஒரு ராட்டினம் இருந்தது. ராட்டினத்துக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருக்காதா பின்னே? பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடி வந்து ஏறும் முதல் இடம் அதுதான். இரும்புத் தட்டின்மேல் பத்துப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இரண்டு பேர் கீழே நின்று தள்ள, அது சுற்றுகிற சுற்றில் வேப்பமரமும் கழிப்பறைச் சுவரும் காவலாளியும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். இறங்குகிற பிள்ளை நேராக நடந்துபோனால் ராட்டினத்துக்கு அது பெரிய அவமானம். நாலடி கோணலாக நடந்து புல்லில் விழுந்தால்தான் அதற்கு உச்சி குளிரும்.

"இந்த ஊர்ல எம்மேல ஏறாத பிள்ளை கிடையாது" என்று சுற்றுக்கு ஒருமுறை சொல்லும். வேகமாகச் சுற்றும்போது அதிகம் சொல்லும்.

அதன் பக்கத்தில் தினமும் ஒரு சக்கர நாற்காலி வந்து நிற்கும். அதில் ஜெசிந்தா என்ற பத்து வயதுப் பெண் இருப்பாள். ஏற வருகிற பிள்ளைகள் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் அவள் காலடியில் போட்டுவிட்டு, "பாத்துக்கட்டி" என்று ஓடுவார்கள். அவளுடைய சித்தி மகள் ப்ளெஸ்ஸிதான் அதில் முதல் ஆள். ஜெசிந்தாவும் பார்த்துக்கொள்வாள். ஒரு ஜோடிகூடத் தொலைந்ததில்லை. இவ்வளவு பொறுப்பான பெண்ணை மாநகராட்சிதான் செருப்புக் காவலுக்கு வேலைக்கு வைத்திருக்கிறது என்று ராட்டினம் மனதார நம்பியது.

ஒரு சனிக்கிழமை காலையில் பொறியாளர் செண்பகவல்லி அளவு நாடாவோடு வந்தார். பின்னால் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இரண்டு ஆட்கள். பொறியாளர் குனிந்து, தரைக்கும் தட்டுக்கும் நடுவே அளந்தார்.

"ஒம்பது அங்குலம். இதக் கழட்டிட்டு, அடியில குழி வெட்டி, உள்ள இறக்கிருங்க. கழட்ட வரலன்னா விட்டுருங்க, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். நான் மத்தியானம் வாரேன்."

குழி என்ற பேச்சு வந்ததுமே ராட்டினத்துக்குக் கை கால் உதறியது. கையும் காலும் இல்லை, கம்பிகள்தான். அவை உதறின.

செய்தி பூங்கா முழுவதும் பரவியது. ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடி ஒப்பாரியே வைத்துவிட்டது. "சுத்தித் திரிஞ்ச ராசா, மண்ணுக்குள்ள போறியே."

"நான் இன்னும் சாகலக்கா" என்றது ராட்டினம்.

சீசா பலகை தன் வழக்கப்படி, "ஒரு பக்கம் பாத்தா வருத்தமாத்தான் இருக்கு" என்று இறங்கி, "இன்னொரு பக்கம் பாத்தா, இனிமே பிள்ளைங்கல்லாம் எங்கிட்ட வரும்" என்று ஏறியது. பதினாலு 'கூடாது'களைச் சுமந்து நின்ற அறிவிப்புப் பலகை, "புதைக்கக் கூடாதுன்னு எம்மேல எழுதலையே. எழுதியிருந்தா தடுத்திருப்பேன்" என்று கையை விரித்தது.

எல்லாருக்கும் மேலே நின்ற சறுக்குமரம் தொண்டையைச் செருமிக்கொண்டது. "இதுக்குத்தான் தம்பி ஒசரமா இருக்கணும்கிறது. எனக்குப் பத்தடி. என்னை எவன் இறக்குவான்?"

"அப்படி என்ன பாவம் செஞ்சேன் அண்ணாச்சி?" என்று கேட்ட ராட்டினம், பதிலுக்குக் காத்திராமல் தானே கொட்டிவிட்டது. "போன மாசம் அந்தச் சிவப்புச் சட்டைப் பிள்ளை பஜ்ஜி தின்னுட்டு வந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வேகமாத்தான் சுத்துனேன்."

அதற்குள் ஆட்கள் ஸ்பேனரை மாட்டிவிட்டார்கள். ராட்டினம் தன் நடு அச்சை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது. அவர்கள் இழுத்தார்கள், எண்ணெய் விட்டார்கள், தட்டிப் பார்த்தார்கள். நட்டு நகரவே இல்லை.

"துருப்பிடிச்சுக் கெடக்குண்ணே. வராது போலுக்கு. அடுத்த வருசம் பாத்துக்கிட வேண்டியதுதான்."

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தாவின் அம்மா ரெஜினா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆட்கள் சொன்னது ஜெசிந்தாவின் காதில் விழுந்துவிட்டது.

"எம்மா, வரலன்னா அடுத்த வருசந்தானா?"

"வரும் இரு. மூணு மனு குடுத்திருக்கேன். ஒரு நட்டு வராதா?" என்றாள் ரெஜினா. குரல் தைரியமாக இருந்தது. ஆனால் கண் அந்த நட்டை விட்டு அகலவில்லை.

ராட்டினம் மெல்லிய குரலில் நாற்காலியைக் கூப்பிட்டது. "கடைசியா ஒரே ஒரு விசயம். உங்க பாப்பாகிட்ட சொல்லிரு. இனிமே இங்க செருப்புப் பாக்குற வேலை இருக்காது. வேற இடம் பாத்துக்கிடட்டும்."

நாற்காலி சக்கரத்தைத் திருப்பி அதை ஏற இறங்கப் பார்த்தது.

"வேலையா? ஏல ராட்டினம், உனக்குக் கூறு இருக்கா? அவ மூணு வருசமா வாரா. ஏறத்தான் வாரா. உன் தட்டு ஒம்பது அங்குலம் ஒசரத்துல நிக்கி. என் சக்கரம் அதுல ஏறாது."

"யாராச்சும் தூக்கி வைக்கலாம்ல?"

"வச்சாங்க. பிடிச்சு உக்கார முடியாம சரிஞ்சிட்டா. அதுக்கப்புறம் அவ யாரையும் தூக்கச் சொல்லல. செருப்ப வாங்கிப் பக்கத்துல வச்சுக்கிட்டா. சும்மா உக்காந்திருக்கான்னு ஒருத்தரும் சொல்லிரக் கூடாதுல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். நீ சுத்திக்கிட்டே இருந்த."

'எம்மேல ஏறாத பிள்ளை கிடையாது' என்று ராட்டினம் ஆயிரமாயிரம் தடவை சொன்னபோதெல்லாம் அந்தப் பெண் கை எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள். அதற்கு வெட்கமாக இருந்தது, பஜ்ஜி விஷயத்தைவிடப் பல மடங்கு.

"இந்தக் குழி உன்னைப் புதைக்க இல்ல" என்றது நாற்காலி. "நீ தரையோட தரையா இருந்தா, நான் நேரா உருண்டு வந்திருவேன். அவ்வளவுதான்."

"கீழ இருட்டா இருக்குமா?"

"தெரியாது. நான் போனதில்ல."

அந்தப் பதில் ராட்டினத்துக்குப் பயத்தைக் குறைக்கவில்லை. பயந்துகொண்டேதான் அது பிடியைத் தளர்த்தியது. "விட்டுராத தம்பி, போன ஒசரம் திரும்பி வராது" என்று சறுக்குமரம் மேலிருந்து கத்தியது. நட்டு ஒரேயடியாகக் கழன்றது. இழுத்துக்கொண்டிருந்த ஆள் மல்லாக்க விழுந்து, விழுந்தபடியே, "வந்துட்டுண்ணே" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை மாலை ராட்டினம் குழிக்குள் இருந்தது. இருட்டெல்லாம் இல்லை. தட்டு தரைமட்டத்துக்குச் சரியாகப் படிந்திருந்தது. நடுவில் நாற்காலியைப் பூட்டிவைக்க ஒரு கொக்கியும் வார்ப்பட்டையும் இருந்தன. ஜெசிந்தா தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி உள்ளே வந்து, திரும்பி, நின்றாள். யாரும் தூக்கவில்லை. பழக்கதோஷத்தில் பிள்ளைகள் செருப்பைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, அங்கே ஆளைக் காணாமல் விழித்தார்கள்.

ப்ளெஸ்ஸி தள்ளினாள். ராட்டினம் முதல் சுற்றைப் பூப்போலச் சுற்றியது.

"என்னட்டி, மாட்டு வண்டியா? வேகமாத் தள்ளு" என்றாள் ஜெசிந்தா.

ராட்டினத்துக்கு அது போதாதா? பிய்த்துக்கொண்டு சுற்றியது. வேப்பமரம் ஓடியது, சுவர் ஓடியது, விசில் ஊதிக்கொண்டே காவலாளி ஓடினார். ஓடியவர், முட்டி வலியால் இத்தனை நாள் ஏறாதவர், வேகம் குறைந்த நேரம் பார்த்து ஒரு காலை வைத்துத் தானும் நின்றுகொண்டார். தவழ்கிற குழந்தை ஒன்றை மடியில் வைத்தபடி ஓர் அம்மா வந்து உட்கார்ந்தாள். "பாதுகாப்பாச் சுத்துதான்னு பாக்கணும்" என்று பொறியாளரும் ஏறினார். ஏழு சுற்று ஆன பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. ரெஜினா வெளியே நின்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

பத்தடி உயரத்தில் தனியாக நின்ற சறுக்குமரம் சீசா பலகையைத் தணிந்த குரலில் கேட்டது. "அந்தப் பொறியாளரம்மா அளவு நாடாவோட இந்தப் பக்கமும் வருவாங்களா?"

பெரியவர்கள் இறங்கிக்கொண்டார்கள். ப்ளெஸ்ஸி கொக்கியைக் கழற்றி நாற்காலியைத் தள்ளினாள். தள்ளினவளுக்கும் தலை சுற்றியதால் நாற்காலி நாலடி கோணலாகப் போய்ப் புல்லில் நின்றது. ப்ளெஸ்ஸி பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஜெசிந்தா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி ப்ளெஸ்ஸி, நான் நின்ன பெறகும் மரமெல்லாம் சுத்துதுட்டி. எனக்கு என்னமோ ஆயிட்டு."

"ஒண்ணும் ஆகல" என்றாள் ப்ளெஸ்ஸி, கண்ணை மூடியபடியே. "எல்லாருக்கும் அப்படித்தாம்ட்டி சுத்தும்."