சத்தம் போடாத வண்டி

கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது சத்தம் போடாத ஒரு வண்டியின் கதை. தள்ளி உட்கார்ந்தால் பாதி காதிலேயே விழாது.

மேட்டுப்பாளையத்தில் நஞ்சப்பன் என்று ஒருத்தர். உருளைக்கிழங்கு மண்டியில் காலமெல்லாம் எடை போட்டவர். மூட்டையைத் தராசில் ஏற்றினால், முள் ஆடி அடங்குகிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். பின்னால் லாரிக்காரன் கத்துவான். தரகர் கத்துவார். "முள்ளு நிக்கட்டுங்க" என்பார். அவ்வளவுதான். அவர் சொன்ன எடையை யாரும் மறுபடி போட்டுப் பார்த்ததில்லை.

மண்டியை விட்டு நின்ற பிறகு அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. ஆசை என்று சொல்வது தப்பு. அவசியம்.

அவர் சம்சாரம் வேலாத்தாளுக்கு ஒரே ஒரு தங்கச்சி. பேர் பாப்பாத்தி. தாயில்லாப் பிள்ளையை வேலாத்தாள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். பாப்பாத்தி வாக்கப்பட்டது மலைக்கு மேலே, கோத்தகிரியில். இப்போது சர்க்கரை வந்து கண் மங்கிக்கொண்டு வருகிறது. காலும் வீங்கிப்போய் வாசற்படி தாண்டுவதில்லை. ஒரு நாள் போனில் சொன்னாள்.

"அக்கா, வெளிச்சம் முழுசாப் போறதுக்குள்ள உன் மொகத்தை ஒருக்காப் பாத்துக்கறேன். வந்துட்டுப் போயேன்."

வேலாத்தாளுக்கு மலைப் பஸ் ஆகாது. எஞ்சின் உறுமலும் டீசல் வாடையும் சேர்ந்தால் முதல் வளைவிலேயே குடலைப் புரட்டும். வாடகைக் காரில் போகலாம் என்றால், அடுத்தவர் வண்டியில் வாந்தி எடுக்கக் கூச்சம்.

"நாமளே ஒரு கார் வாங்குவோம். நானே ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்" என்று நஞ்சப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அப்படித்தான் பிலோமினா டீச்சரிடம் வந்து சேர்ந்தார். ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். குருவுக்கு நாற்பது வயசு. சிஷ்யருக்கு அறுபது தாண்டியாச்சு. குரு பேசுவது குறைச்சல். ஓட்டக் கற்றுத்தருகிற வண்டியில் டீச்சர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதன் மேலேயே அவள் வலது கால் இருக்கும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும் அந்தக் கால் எதையோ மிதித்துக்கொண்டுதான் இருக்கும் என்று அவள் புருஷனே சொல்லிச் சிரிப்பான்.

நஞ்சப்பன் எட்டுப் போட்டார். லைசன்ஸும் வந்தது. அதோடு கிளாஸ் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. லைசன்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கிளாசுக்கு வந்தார். எந்தக் கார் வாங்குவது என்பது இன்னும் தீரவில்லையே! யாரோ அவர் காதில் ஹைபிரிட் என்று ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பெட்ரோலும் குடிக்கும், பேட்டரியிலும் ஓடும்.

"டீச்சர், நல்லா யோசனை பண்ணிச் சொல்லுங்க. ஹைபிரிட்டு வாங்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

"கிளட்சை மெல்ல விடுங்கய்யா."

"ஊருக்குள்ள ஓட்டுனா பெட்ரோலு கொஞ்சந்தான் குடிக்குமாம்."

"கண்ணாடியைப் பாருங்க."

"சார்ஜு போட ஒயரைத் தூக்கிட்டு அலைய வேண்டியதில்ல. பிரேக்கு புடிச்சாத் தன்னால நெறைஞ்சுக்குமாம். அது ஒரு தட்டு. இந்தத் தட்டுல பாத்தீங்கன்னா, வெலை ரொம்ப எச்சு. பேட்டரி போச்சுன்னா மாத்தறதுக்குத் தோட்டத்தை விக்கோணுமுங்கறாங்க. நம்மூரு மெக்கானிக்கு பானட்டைத் தொறந்து ஒரு கும்புடு போட்டுட்டு மூடிருவானாம்."

பிலோமினா சிரிப்பாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் கண்ணை மூடிட்டு வாங்கிருவேனுங்க."

"கண்ணைத் தொறந்து ஓட்டுங்க. முன்னால மாடு."

மழை வந்தது, போனது. மலையில் பனி இறங்கிற்று. நஞ்சப்பனின் இரண்டு தட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன.

ஒரு நாள் வேலாத்தாள் பீன்ஸ் அரிந்துகொண்டே சொன்னாள்.

"எடை போட்டு எடை போட்டுக் கெழங்கு மொளையே விட்டுருச்சு. இனி எங்க சமைக்கறது?"

"அவசரப்பட்டா ஆகுமா? முள்ளு நிக்கோணுமல்ல."

வேலாத்தாள் எப்போதும் அப்படித்தான். ஒன்று சொல்வாள், பிறகு விட்டுவிடுவாள். போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்து, அரிந்த பீன்ஸையே மறுபடி அரிந்தாள்.

"யாரு, பாப்பாத்தியா? என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்லீங்க. மருமவ நேத்து செவப்புச் சீலை கட்டியிருந்தாளாம். இவளுக்குச் சாம்பலாத் தெரிஞ்சுதாம்."

மறுநாள் கிளாசில் நஞ்சப்பன் ஹைபிரிட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சிவப்புச் சேலையைப் பற்றிச் சொன்னார். பிலோமினா வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். மண்டியில மூட்டையைத் தராசுல ஏத்திட்டு, எறக்காமயே விட்டுட்டா என்னாகும்?"

"ஐயய்யோ, அப்பிடி விடக்கூடாதுங்க. உள்ள இருக்கற வில்லு தளந்துரும். பொறவு வெறுந்தராசே எடை காட்டும்."

"வெறுந்தராசா?"

"ஆமாங்க. மேல ஒரு கெழங்கு இருக்காது. முள்ளு மட்டும் பாரங் காட்டிட்டே நிக்கும்."

"அப்பிடிங்களா" என்றாள் பிலோமினா. "வண்டியை எடுங்க."

அவர் எடுத்தார். இறங்கும்போது பிலோமினா சொன்னாள்.

"எங்கிட்டப் படிச்ச பல் டாக்டரம்மா ஹைபிரிட்டுதான் வெச்சிருக்காங்க. நாளைக்கு வாங்கியாரேன். சும்மா ஓட்டிப் பாருங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் காலையில் வெள்ளை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. வேலாத்தாள் பின் சீட்டில் ஏறினாள். கையில் எலுமிச்சம்பழம். மடியில் வாந்திக்கு ஒரு கவர். காலடியில் ஒரு துணிப்பை. பிலோமினா முன்னால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இந்த வண்டிக்குச் சாவி திருகுவதில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். நஞ்சப்பன் அமுக்கினார். காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை.

மறுபடி அமுக்கினார். ஒன்றும் இல்லை.

"என்னுங்க டீச்சர், வண்டி செத்துக் கெடக்குது?"

பிலோமினா ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தடவை அமுக்கினார். நாலாவது தடவையும்.

"இதைப் போயா வாங்கச் சொன்னானுங்க! நல்லவேளை, அவசரப்படாம இருந்தேன். பாத்தியா வேலாத்தா?"

பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு குரல்.

"ஏனுங்க, நீங்க அமுக்குனாப் பச்சையா ஒண்ணு எரியுது. மறுக்கா அமுக்குனா அணைஞ்சு போவுது. கெளம்பித்தான் நிக்குதோ என்னமோ."

"கெளம்புனாச் சத்தம் வராதா?"

"அக்கா சொல்றதுதானுங்கய்யா" என்றாள் பிலோமினா. "மொத வாட்டியே கெளம்பிருச்சு. நீங்கதான் அணைச்சுப் போட்டீங்க."

"சத்தமே கேக்கலீங்களே!"

"கெளம்பறதுக்கு எதுக்குங்க சத்தம்?"

நஞ்சப்பன் நிமிர்ந்து கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வேலாத்தாள் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள். எத்தனை மாசமாக அப்படி உட்கார்ந்திருக்கிறாளோ?

பொத்தானை ஒரே ஒரு தடவை அமுக்கினார். பச்சை எரிந்தது. இடது கால் தரையைத் தடவிற்று.

"டீச்சர், கிளட்சைக் காணமுங்க."

"இதுல இல்லீங்க."

"அப்ப எதை விடறது?"

"நீங்களாப் பாத்து எதையாவது விடுங்க."

வேலாத்தாள் பின்னால் களுக்கென்று சிரித்தாள். வண்டி நகர்ந்தது. நகர்ந்ததே தெரியவில்லை. வீடுதான் பின்னால் போனது. மார்க்கெட் தாண்டி, பவானி ஆற்றுப் பாலத்தின் மேல் வந்தபோது கீழே தண்ணீர் ஓடுகிற ஓசை கேட்டது. இத்தனை வருசம் அந்தப் பாலத்தில் போய் வந்தவர், அதை அன்றைக்குத்தான் கேட்டார்.

அவர் கண் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேட்டரிக் கணக்குக் காட்டுகிற ஒரு முள்ளின் மேல் போயிற்று. காலை அழுத்தினால் ஒரு பக்கம் சாய்கிறது. பிரேக்கைத் தொட்டால் மறுபக்கம் சாய்கிறது. ஏறும்போது செலவு, இறங்கும்போது வரவு. எடை போட்ட கண் அல்லவா, விடுமா?

"முள்ளு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுங்களே டீச்சர்."

"ரோட்டைப் பாருங்க."

ஓடந்துறையில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று குன்னூருக்கு. ஒன்று கோத்தகிரிக்கு. நஞ்சப்பன் அங்கே ஓரங்கட்டி நிறுத்தினார்.

"இப்ப நின்னிருச்சுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றாள் பிலோமினா. "வண்டியும் நின்னிருச்சு."

அவர் பொத்தானை அமுக்கி அணைத்தார். மலை எதிரே நின்றது. வண்டிக்குள் ஏதோ வாசனை. பெட்ரோல் வாடை இல்லை. நெய்யும் வெல்லமும்.

"வேலாத்தா, அந்தப் பையில என்ன?"

"ஒப்புட்டுங்க. பாப்பாத்திக்குப் புடிக்குமேன்னு."

"சும்மா ஓட்டிப் பாக்கத்தானே வந்தோம்?"

"எனக்கென்ன தெரியும்? எதுக்கும் ஒரு பை எடுத்துக்குங்கன்னு டீச்சரம்மா ராத்திரி போன் பண்ணுனாங்க."

நஞ்சப்பன் பிலோமினா பக்கம் திரும்பினார். திட்டத்தான் திரும்பினார். அவர் பார்வை அவள் காலடியில் போய் நின்றது.

"டீச்சர்! உங்க பக்கம் பிரேக்கு இல்லீங்களே!"

"அடுத்தவங்க வண்டிங்க. எப்பிடி இருக்கும்?"

"அப்ப இவ்வளவு தூரம்?"

"நீங்கதானுங்க ஓட்டிட்டு வந்தீங்க."

அவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுன்னாப் பரவால்லீங்க. பின்னால இவ இருக்கறாளே. நான் ஓட்டி, மலையில இவளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? பெட்ரோலு, பேட்டரின்னு பேசிட்டே இருந்தா அந்த நெனப்பு வர்றதில்லீங்க."

வேலாத்தாள்தான் சொன்னாள்.

"இதுதான் சங்கதியா? கட்டிக்கிட்டு வந்த புதுசுல சைக்கிள் கேரியர்ல வெச்சு ஊரெல்லாம் சுத்துனீங்க. ஒருக்காச் சாக்கடையிலயும் போட்டீங்க. செத்தா போயிட்டேன்?"

"அது நாய் குறுக்க வந்துது."

"ஆமா, நாய்! சினிமா போஸ்டரைப் பாத்துட்டுப் போட்டீங்க. நான் இத்தனை வருசம் நாயின்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலும் தண்ணீர் வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார். கை மறுபடி ஸ்டியரிங்கின் மேல் போயிற்று.

பிலோமினா இறங்கினாள். பின் கதவைத் திறந்தாள்.

"அக்கா, நீங்க முன்னால வாங்க. ரோட்டைப் பாத்துட்டே வந்தாக் கொமட்டாது."

வேலாத்தாள் முன்னால் வந்து உட்கார்ந்து, சேலையை ஒதுக்கி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். எலுமிச்சம்பழமும் கவரும் பின் சீட்டிலேயே கிடந்தன. அவள் திரும்பி அவற்றைக் கேட்கவில்லை. பிலோமினா அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

நஞ்சப்பன் பொத்தானை அமுக்கினார். ஒரே தடவை. காதைக் கொடுத்துக் கேட்கவில்லை. பச்சை எரிகிறதா என்று மட்டும் பார்த்தார். எரிந்தது.

ஆனாலும் பழக்கம் விடுமா?

"டீச்சர், கடைசியா ஒருக்காக் கேட்டுக்கறேன். ஹைபிரிட்டு வாங்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

கண்ணாடியில் பார்த்தார்.

எத்தனையோ வருசமாகப் பிரேக்கின் மேலேயே இருந்த அந்த வலது காலைத் தூக்கி, சீட்டின் மேல் மடக்கி வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள் பிலோமினா. ஒப்புட்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.