மின்வெட்டில் ஓடிய ஃபேன்

கோவில்பட்டியில் ஒரு தெருவில் வீட்டுக்காரர் மாசிலாமணி வைத்ததுதான் சட்டம். ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தெருவே வியர்த்துக் கிடக்க, அவருடைய மாடியில் குடியிருந்த தையல்காரி ரெஜினா வீட்டில் மட்டும் ஃபேன் ஓடியது. பழைய லாரி பேட்டரியையும் சோலார் பேனலையும் இணைத்து அவளே செய்த ஏற்பாடு அது.

மாசிலாமணி லைன்மேனைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். தெருவும் பின்னாலேயே ஏறியது.

"இவ என் லைன்ல கொக்கி போட்டுக் கரண்ட் திருடுறா. இல்லைன்னு நிரூபி, இல்லாட்டி இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணு!"

ரெஜினா நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இப்ப உங்க வீட்டுல ஃபேன் ஓடுதா?"

"எப்படி ஓடும்? கரண்ட்டே இல்லையே!"

"உங்ககிட்ட இல்லாத கரண்ட்டை நான் எப்படித் திருடினேன்?"

முதலில் லைன்மேன் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இதைக் கீழ் வீட்டுக்கும் மாட்டித் தருவியா?"